பதினேழு முழுக்கு

மாதப் படிவத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன. கூடுகை, வீடு சந்திப்பு, ஜெபக்குழு, புதிய கிராமம், முழுக்கு, குறிப்பு. ஐந்தாம் தேதிக்குள் எல்லா மிஷனரிகளும் அதை நிரப்பி அனுப்பிவிட வேண்டும். வந்தவற்றை எப்சிபா அச்செடுத்து, ஊர்வாரியாகக் கோத்து, திங்கட்கிழமை காலையில் அரங்கசாமி அய்யாவின் மேசையில் வைப்பாள். அய்யா மற்றக் கட்டங்களைப் பார்த்து அவள் கண்டதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை நேராக ஐந்தாவது கட்டத்தில் வைப்பார்.

முழுக்கு என்றால் ஞானஸ்நானம். சபைக்குச் சபை வழக்கம் மாறும். சில சபைகளில் கைக்குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிப்பதோடு சரி. அய்யாவின் சபையில் விவரம் தெரிந்த வயதில், தொட்டியிலோ ஆற்றிலோ ஆளை முழுதாக முக்கி எடுப்பார்கள். அய்யா பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள கவுண்டர் வீட்டுப் பிள்ளை. முப்பது வயதில் மனம் மாறி, சொந்தக் கிணற்றிலேயே முழுக்கு எடுத்தவர். அன்றைக்கே அவருடைய அப்பா அந்தக் கிணற்றை மண் கொட்டித் தூர்த்துவிட்டாராம். அதைப் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் அய்யாவின் குரல் உடையும். அது நடிப்பில்லை என்று எப்சிபாவுக்குத் தெரியும்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அலுவலகம். பெயர் 'தூரத்து வயல் ஊழியங்கள்'. அதே பெயரில் ஒரு மாதப் பத்திரிகையும் உண்டு. எப்சிபாதான் கடிதங்களைத் திருத்துவாள், பக்கம் கட்டுவாள், அதையே ஆங்கிலமாக்கி இணையத்தில் ஏற்றுவாள். வால்பாறை எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து இறங்கி வந்து ஊழியத்தின் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பில் மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் படித்தாள். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனாலும் அவளுக்குத் தூக்கம் வராது. ஒரு பக்கத்தை மூன்று முறை பார்த்துவிட்டு, நான்காவது முறை பார்க்காமல் அனுப்பியதற்காகக் கவலைப்படுகிறவள் அவள்.

பத்துப் பன்னிரண்டு மிஷனரிகளில் ஒரே ஒருவர்தான் ஐந்தாவது கட்டத்தில் மாதாமாதம் கோடு போட்டு அனுப்பினார். மலாவிக்குப் போன தம்பிதுரை. கணபதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். ஆப்பிரிக்காவில் தண்ணீர்க் கஷ்டம், மோட்டார் தெரிந்த விசுவாசி ஒருவர் வேண்டும் என்று அய்யா கேட்டபோது கை தூக்கியவர்.

"ஏனம்மணி, இவன் அங்க என்னதான் பண்றான்?" பதினோராவது கோட்டைப் பார்த்துவிட்டு அய்யா கேட்டார்.

"போருக்கு மோட்டார் போடறாருங்கய்யா. சோலார்ல ஓடறது. குறிப்புல எழுதியிருக்காருங்க."

"மோட்டார் போடறதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்ல ஏத்தி உட்டோம்? மோட்டாரச் சாக்கா வெச்சு உள்ள போவான், ஆத்துமாவப் புடிப்பான்னு பார்த்தா, சாக்கையே சோலியாக்கிப்போட்டான்."

"அங்க எல்லாரும் ஏற்கெனவே கிறிஸ்தவங்கன்னு..."

"பேருக்கு. ஆப்பிரிக்கா ஆப்பிரிக்காதான் கண்ணு." அய்யா கண்ணாடியை இறக்கினார். "மிஷனரிப் பண்டிகைக்கு முந்தி இன்னொரு படிவம் வருமல்லோ? அதுலயும் கோடுதான்னா டிக்கெட் போட்டுக் கூப்புட்டுக்கலாம். பணம் குடுத்துத் தாங்கறவங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்பது தம்பிதுரை போன மூன்றாம் மாதமே எழுதிய சங்கதி. நான்கு பக்கக் கடிதம். 'இங்கே நான்காம் தலைமுறை கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாத்தியமே இல்லாமல் நான்கு குரலில் பாடுகிறார்கள், கேட்டால் புல்லரிக்கும். உங்கள் தேசத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் கிறிஸ்தவர்கள் என்று கேட்டார்கள். இரண்டு மூன்று என்றேன். ஐயோ என்று சொல்லி இந்தியாவுக்காகத் தனியாக ஒரு ஜெபவேளை வைத்துவிட்டார்கள். நமக்கு மிஷனரி அனுப்ப மக்காச்சோளம் சேர்க்கிறார்களாம்.' அந்தக் கடிதத்தில் அய்யா சிவப்பு மையால் அடித்தது போக மிஞ்சியது ஒரே வரி: 'இங்கே ஜனங்கள் தாகமாயிருக்கிறார்கள்.' உண்மையில் அது தண்ணீரைப் பற்றிய வரி. எப்சிபா அதை அப்படியே பக்கம் கட்டினாள். அன்றைக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

இந்த முறை அவளாகவே தம்பிதுரைக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'அண்ணா, படிவத்தில் ஐந்தாவது கட்டத்தை இந்தத் தடவை காலியாக விட்டுவிடாதீர்கள். அய்யா அதை மட்டும்தான் பார்க்கிறார். இல்லையென்றால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார் போலிருக்கிறது.' நல்லது செய்துவிட்ட திருப்தி இரண்டு நாள் இருந்தது.

நான்காம் தேதி படிவம் வந்தது. முழுக்கு: 17.

குறிப்பில் இப்படி இருந்தது: 'இதுவரை பதினேழும் கர்த்தருடைய கிருபையால் நல்லபடியாக இறங்கின. ஒன்று மட்டும் பாதியில் பிடிவாதம் பிடித்தது. ஜெபித்தோம், அதுவும் இறங்கிவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன். தடி வைத்திருப்பவர் இவ்வூர்ப் பெரியவர் சிர்வா. முதலில் நனைந்தவர் அவர்தான்.'

படத்தில் செம்மண் தரையில் ஒரு கூட்டம் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிப்போக, கைத்தடியோடு எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். எப்சிபா விரல் வைத்து எண்ணினாள். பத்தொன்பது பேர். இடுப்பில் இருந்த இரண்டு கைக்குழந்தைகளைக் கழித்தால் சரியாகப் பதினேழு. குழந்தைகளுக்கு முழுக்கு கிடையாது. கணக்கு ஒத்துப்போனதில் அவளுக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போயிற்று.

பிறகு திருத்த உட்கார்ந்தாள். 'பதினேழும் இறங்கின' என்பது கண்ணை உறுத்தியது. மனிதர்களை அஃறிணையில் எழுதியிருக்கிறாரே, பாவம், பட்டறையில் வேலை பார்த்தவர், திணை எங்கே தெரியப்போகிறது? 'பதினேழு பேரும் இறங்கினார்கள்' என்று மாற்றினாள். 'ஒன்று மட்டும் பிடிவாதம் பிடித்தது' என்பதை 'ஒருவர் மட்டும் பிடிவாதம் பிடித்தார்' ஆக்கினாள். 'அதுவும் இறங்கிவிட்டது' என்பதை 'அவரும் இறங்கிவிட்டார்' ஆக்கினாள். மூன்றே இடம்தான். சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கேள் என்பது மாலை வகுப்பில் முதல் நாள் எழுதிக்கொண்ட பாடம். சந்தேகமே வராத இடத்தில் என்ன செய்வதென்று அங்கே சொல்லித்தரவில்லை.

அய்யா படத்தைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கண் கலங்கியது. "பதினேழு! பதினோரு மாசமா வாயே தொறக்காம இருந்துட்டு, பாரு, பதினேழு!" பிறகு கண்ணாடியை ஏற்றி, படத்தை முகத்தருகே கொண்டுபோனார். "இந்தத் தடியப் பார்த்தியா? பூண் போட்டிருக்குது. மந்திரவாதித் தடி."

"பெரியவர்னு எழுதியிருக்காருங்கய்யா."

"அந்த மாதிரி ஊருல பெரியவன் யாரு? மந்திரவாதிதான். நீ போடு. 'நேற்றுவரை மந்திரவாதி, இன்று முதல் விசுவாசி'."

"அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமுங்களா?"

"அவன் தன்னடக்கம் புடிச்சவன், வேண்டாம்பான். அச்சுக்குப் போகோணும் அம்மணி, நேரமில்ல."

அவள் போட்டாள். ஆங்கிலத்திலும் போட்டாள். மந்திரவாதிக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் இருந்தன. எது பொருத்தம் என்று அகராதி பார்த்து, அரை மணி நேரம் யோசித்துத் தேர்ந்தெடுத்தாள்.

மிஷனரிப் பண்டிகை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் மடித்து வைத்த பத்திரிகைக் கட்டுகள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோயின. அட்டையில் சிர்வா நனைந்து சிரித்துக்கொண்டிருந்தார். அய்யா மேடையில் ஏறி, தூர்ந்துபோன தன் கிணற்றின் கதையைச் சொல்லி, அந்தக் கிணறு ஆப்பிரிக்காவில் ஊற்றெடுத்துவிட்டது என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தம்பிதுரையின் மனைவி சுகிர்தாவை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். சரவணம்பட்டியில் ஒரு தையல் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற பெண். என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் எப்சிபாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், பத்திரிகையை விரித்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இது மோட்டார் ஓட்டிப்பார்த்தன்னிக்கு எடுத்ததுதானுங்களே? என்ற ஊட்டுக்காரரு எனக்கும் அனுப்புனாரு. பைப்பு மூட்டு கழண்டு எல்லார் மேலயும் பீச்சியடிச்சிருச்சாமா. சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு."

எப்சிபாவின் கை இலைக்கு மேலேயே நின்றது. "அக்கா, முழுக்கு பதினேழுன்னு அண்ணன் எழுதியிருந்தாரே?"

"ஆமாங்க, பதினேழு எறக்கியாச்சுன்னு எனக்கும் சொன்னாரு. பட்டறைல அத முழுக்குன்னுதானுங்க சொல்வாங்க. தண்ணிக்குள்ளயே முழுகிக் கெடக்கற மோட்டாரு. மேல நிக்கறது மோனோபிளாக், உள்ள எறங்கறது முழுக்கு." சுகிர்தா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் மேடையில சொல்லியிருக்கோணுமுங்களா? எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க. எனக்கு வாயே வரல."

பதினேழும் இறங்கின. ஒன்று மட்டும் பாதியில் பிடிவாதம் பிடித்தது. அதுவும் இறங்கிவிட்டது. அவர் திணைப் பிழையே செய்யவில்லை. பட்டறைக்காரர் சரியான தமிழில்தான் எழுதியிருந்தார்.

மண்டபத்துக்கு வெளியே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று எப்சிபா மலாவிக்குப் போன் செய்தாள். முதலில் தம்பிதுரை விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்க கட்டத்தக் காலியா உடாதீங்கன்னீங்களா? ஊழியப் படிவத்துல மோட்டார்க் கணக்கு எதுக்குன்னு இத்தன மாசமாக் கோடு போட்டுட்டிருந்தேன், இப்ப மோட்டாரப் பத்தி அய்யா ஒரு வழியாக் கேக்கறாரேன்னு சந்தோசமா ரொப்பிப்போட்டேனுங்க. நம்ம வூட்ல எல்லாம் சி.எஸ்.ஐ. சபைங்க, ஞானஸ்நானம்னுதான் சொல்லிப் பழக்கம். முழுக்குன்னா எனக்கு மோட்டாருதான் நெனப்புக்கு வரும்."

அவள் அட்டைப்பட வாசகத்தைப் படித்துக் காட்டினாள். சிரிப்பு நின்றது.

"எப்சிபா, அவரு சபை மூப்பருங்க," என்றார் தம்பிதுரை. "பெரியவர்னு நான் எழுதுனது அதத்தான். முப்பது வருசமா மூப்பரு. அவங்க தாத்தனே போதகரு. அந்தத் தடி, சபையில குடுத்த தடிங்க."

"நான் அதை எடுத்துடறேண்ணா."

"மந்திரவாதிங்கறதக் கூட உடுங்க, பொய்யின்னு சிரிச்சிருவாங்க. அந்த முழுக்குதான் பெரிய வெனை. கொழந்தையில நெத்தியில தண்ணி தெளிச்சா இவங்களுக்கு அதோட சரி. வளந்தவன் இன்னொருக்கா முழுக்கு எடுத்தான்னா சபையோட ஞானஸ்நானத்த எச்சில் பண்ணுன மாதிரி. பந்தியில சேக்க மாட்டாங்க. நற்கருணை அப்பமும் ரசமும் கெடையாது. இங்கயும் எல்லாரு கையிலயும் போன் இருக்குதுங்க. தயவு பண்ணிச் சீக்கிரம் எடுத்துருங்க."

திங்கட்கிழமை எப்சிபா நான்கு வரித் திருத்தம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு அய்யாவின் முன்னால் நின்றாள். ஏழு முறை எழுதிக் கிழித்துவிட்டு எட்டாவதாக எழுதியது. அய்யா நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை.

"பதினேழு குழியில தண்ணி வந்திருக்குது. அந்தத் தண்ணி யாரு குடுத்தது?"

"கடவுளுங்கய்யா. ஆனா ஞானஸ்நானம் நடக்கலைங்களே."

"நடக்கலைன்னு உனக்கெப்படித் தெரியும்? நனைஞ்சு நிக்கறாங்க, சிரிச்சுட்டு நிக்கறாங்க. உள்ளுக்குள்ள என்ன நடந்துதுன்னு நீ பார்த்தியா?" காகிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். "எண்ணூறு பேரு எழுந்து நின்னு அழுதாங்க கண்ணு. அவங்ககிட்டப் போயி, நீங்க மோட்டாருக்கு அழுதீங்கன்னு சொல்லச் சொல்றியா? மலாவில எவன் இதப் படிக்கப்போறான்?"

இணையப் பக்கத்தின் கடவுச்சொல் அவளிடம்தான் இருந்தது. ஒரு நொடியில் எடுத்திருக்கலாம். அய்யா சொன்னதில் பாதி சரியோ, தனக்கென்ன அதிகாரம், கேட்காமல் எடுப்பதும் ஒரு பொய்தானே என்று யோசித்து யோசித்து மூன்று நாள் போக்கினாள். நான்காம் நாள் அந்தப் பக்கத்தை அவளே நீக்கினாள். அதற்குள் படம் மலாவி போய்ச் சேர்ந்து, அந்த ஜில்லா முழுக்கச் சுற்றிவிட்டது.

செப்டம்பர் முதல் வாரம் அங்கிருந்து கடிதம் வந்தது. அந்த வட்டாரத்துச் சபைகளை விசாரிக்கிற மூப்பர் சங்கம் எழுதியது. மிக மரியாதையான ஆங்கிலம். மோட்டார்களுக்காக இந்தியச் சகோதரர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பிறகு: படத்தில் உள்ள மூப்பர் சிர்வாவும் பதினாறு பேரும் இரண்டாம் ஞானஸ்நானம் பெற்றதாக உங்கள் பத்திரிகை சொல்கிறது. அவர்கள் மறுக்கிறார்கள். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி விசாரணை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று உங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் அனுப்பினால் போதும், விஷயம் முடிந்துவிடும். அதுவரை பதினேழு பேருக்கும் நற்கருணை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

எப்சிபா அதைத் தமிழாக்கி, வரிக்கு வரி சரிபார்த்து, அய்யாவிடம் கொடுத்தாள். ஒரே ஒரு கடிதம். ஒரு முத்திரை. இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை என்று அவள் நம்பினாள்.

அய்யா இரண்டு முறை படித்தார். அவர் முகம் மெல்ல மெல்ல ஒளி பெற்றதை அவள் பயத்தோடு பார்த்தாள்.

"நற்கருணைய நிறுத்திப்போட்டாங்களா?"

"ஆமாங்கய்யா. நம்ம கடுதாசி போனா..."

"என்ற அப்பன் கெணத்தத் தூர்த்த மாதிரியே." எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே பட்டுக்கடை வாசலில் யாரோ மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "பேருக்குக் கிறிஸ்தவங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? மெய்யான விசுவாசி வந்தா பேருக்கு இருக்கறவனுக்குப் பொறுக்காது. எழுது அம்மணி. 'மலாவியில் பதினேழு பேர் துன்புறுத்தப்படுகிறார்கள். ஜெபியுங்கள்.'"

"அய்யா, அவங்க முழுக்கே எடுக்கலைங்களே!"

"எடுக்கலைன்னா எதுக்கு வெலக்கி வெச்சாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவர் கையிலிருந்த காகிதத்திலேயே இருந்தது. படித்தவருக்கு இனி எப்படிப் படித்துக் காட்டுவது?

அன்று மாலை வகுப்புக்குப் போகாமல் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டாள். கட்டுரையை எழுத மாட்டேன் என்றால் அய்யா சந்தேகப்படுவார், முத்திரையைப் பூட்டி வைத்துவிடுவார். ஆகவே சொன்னதை எழுதிக் கொடுப்பது. ஆங்கிலத்திலும் ஏற்றுவது. அவர் நிம்மதியாக இருக்கும் நேரம் பார்த்துக் கடிதத்தை அடித்து முத்திரை போட்டு அனுப்புவது. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால் பத்திரிகையை யார் மதிப்பார்கள்? திட்டத்தை நம்பர் போட்டு எழுதி, இரண்டு முறை சரிபார்த்தாள். அதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை.

கட்டுரையை எழுதினாள். ஏற்றினாள். வியாழக்கிழமை அய்யா சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளின் ஜெபக்கூட்டத்துக்குப் போனதும், இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தாள். அந்த முத்திரையை அவள் இதற்கு முன் ஆயிரம் கடிதங்களில் குத்தியிருப்பாள். அன்றைக்குத்தான் ஒரு ஓரம் மங்கலாக விழுந்தது. 'ஞானஸ்நானம் எதுவும் நடக்கவில்லை. அது மோட்டார் பரிசோதனையின்போது எடுத்த படம். தவறு முழுவதும் மொழிபெயர்த்த என்னுடையது.' கீழே தன் பெயரை எழுதினாள். ஸ்கேன் செய்து அனுப்பினாள்.

விசாரணை முடிந்து மூன்றாம் நாள் பதில் வந்தது, அய்யாவின் பெயருக்கு, அவளுக்கு ஒரு நகலோடு.

'எங்கள் முன் உங்கள் அலுவலகத்தின் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ஓர் ஊழியரின் கையொப்பத்தோடு, தலைவரின் கையொப்பமில்லாமல், எதுவும் நடக்கவில்லை என்கிறது. மற்றது அதே வாரம் உலகம் முழுவதற்கும் வெளியிடப்பட்டது. பதினேழு பேர் முழுக்கு எடுத்தார்கள், அதற்காக நாங்கள் அவர்களைத் துன்புறுத்துகிறோம் என்கிறது. இரண்டையும் மொழிபெயர்த்தவர் ஒருவரே என்று அறிகிறோம். எதை நம்புவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் பத்திரிகையைக் கண்டிக்க எங்களுக்கு அதிகாரமில்லை. எங்கள் அங்கத்தினர்களை மட்டுமே கண்டிக்க முடியும்.'

அய்யா அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வாங்கிவரச் சொல்லி, "சின்னப் புள்ள, பயந்துபோட்டே. மன்னிச்சுட்டேன் கண்ணு," என்றார். அவளுக்காகக் கண்ணை மூடி ஜெபமும் செய்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. அன்றிலிருந்து முத்திரை அவர் பையிலேயே இருந்தது.

விசாரணையில் நடந்ததைத் தம்பிதுரை குரல்பதிவாக அனுப்பியிருந்தார்.

"பதினாறு பேரும் ஒத்துக்கிட்டாங்க எப்சிபா. செய்யாதத செஞ்சோம்னு சொல்லி மன்னிப்புக் கேட்டா அன்னிக்கே பந்தியில சேத்துக்கறோம்னு சங்கத்துல சொன்னாங்க. கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. வேற என்ன பண்ணுவாங்க, கல்யாணம் காச்சி இருக்குதல்லோ? சிர்வா மட்டும் மாட்டேன்னுட்டாரு. செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்டா அதுதான் பாவம்னாரு. ஒரு வருசம் தள்ளி வெச்சுட்டாங்க. இப்ப ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வெளிய, ஜன்னலோரமா நாற்காலி போட்டு உக்காந்துக்கறாருங்க. பாட்டு ஆரம்பிச்சா அங்கிருந்தே கீழ்க்குரல் பாடறாரு. உள்ள அந்தக் குரலுக்கு வேற ஆளில்ல. உள்ள இருக்கறவங்க பாடறாங்க, அவரு வெளிய இருந்து பாடறாரு. ஒண்ணாத்தான் சேருது. எனக்குத்தான் கேக்க முடியல."

பிறகு: "இந்தியாவுக்காக வெச்ச ஜெபவேளைய எடுத்துட்டாங்க. என்னையும் மாசக் கடைசிக்குள்ள போகச் சொல்லிட்டாங்க. நமக்கு மிஷனரி அனுப்பச் சேத்து வெச்ச அந்த மக்காச்சோளத்தக் கொண்டாந்து எனக்கு வழிச்செலவுக்குன்னு குடுத்தாங்க பாருங்க, அதுதான்..." பதிவு அங்கே அறுந்திருந்தது.

எப்சிபா அதற்கு ஒரு நீண்ட பதில் எழுதினாள். தான் மாற்றிய மூன்று இடங்களையும், 'ஒன்று' 'ஒருவர்' ஆனதையும், 'அது' 'அவர்' ஆனதையும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டாள். பதில் வரவில்லை.

நவம்பர் முதல் திங்கட்கிழமை அய்யாவின் மேசையில் படிவக் கோப்பை வைத்தபோது மலாவித் தாள் மேலேயே இருந்தது. தம்பிதுரை கிளம்புவதற்கு முதல் நாள் நிரப்பி அனுப்பியது. அதன் பிறகு அவர் கோயம்புத்தூர் வந்து இறங்கியாயிற்று. பழைய பட்டறைக்கே வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே படுத்துவிடுகிறார் என்று சுகிர்தா சொல்லியிருந்தாள். எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று இவள் கேட்டதற்கு, "எந்தக் கோயிலுக்குமே இல்லீங்க, எல்லாத்தையும் தலமுழுகிப்போட்டாரு" என்றிருந்தாள்.

கூடுகை: கோடு. வீடு சந்திப்பு: கோடு. ஜெபக்குழு, புதிய கிராமம்: கோடு. முழுக்கு: 1. குறிப்பு: 'இது உயர்திணை.'

அய்யாவின் விரல் நேராக ஐந்தாவது கட்டத்துக்குப் போயிற்று. முகம் மலர்ந்தது.

"பாரு! தொரத்தி உட்டும் போற நேரத்துல ஒண்ணு புடிச்சுட்டு வந்திருக்கான். பதினெட்டு! டிசம்பர் இதழ்ல முதல் பக்கம். படம் இருக்குதா?"

"இல்லீங்கய்யா."

"பேரு?"

"தம்பிதுரைங்க."

"அவன் பேரு தெரியும் அம்மணி. முழுக்குப் போட்டவன் பேரக் கேக்கறேன்."

"தம்பிதுரைதானுங்கய்யா."

அய்யா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். முதல் முறையாக ஆறாவது கட்டத்தைப் படித்தார். கீழே கடையில் யாரோ விலை பேசுகிற சத்தம் மாடிவரை கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை எப்சிபா பார்த்தாள். புரிந்தது ஒரு நிமிடம் அவர் முகத்தில் நின்றதையும், பிறகு அவர் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டதையும் பார்த்தாள்.

"பேரு வேண்டாம்," என்றார். "ஒரு சகோதரர்னு போட்டுரு."

எப்சிபா தன் இடத்துக்கு வந்து பக்கம் கட்ட உட்கார்ந்தாள். டிசம்பர் இதழின் கணக்கு அட்டவணைக்கு நாடுகளின் பெயர்களை அகர வரிசையில் அடித்தாள். மலாவி வந்தது. நான்கு கட்டங்களிலும் தம்பிதுரை போட்டிருந்தபடியே கோடு போட்டாள். ஐந்தாவதில் கொஞ்சம் நிறுத்தி, அதிலும் ஒரு கோடு போட்டாள். அச்செடுத்து, பிழை இருக்கிறதா என்று ஒரு முறை மட்டும் பார்த்து, கொண்டுபோய் அய்யாவின் மேசையில் வைத்தாள். அவர் விரல் முதலில் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். அது போகும்வரை அங்கேயே நின்றாள்.